ஈரக்குலை அறுந்த கதை

கேள்வி: என் மகள் கிண்டியில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே சீன மொழி படிக்கிறாள். 'கான் சாங் சுன் துவான்' என்று ஒரு சொற்றொடர் வந்ததாம், அதை 'இதயம் உடைந்தது' என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். அது சரிதானா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: அதில் இதயமே இல்லையேம்மா! கான் என்றால் ஈரல், சாங் குடல், சுன் அவர்கள் ஊர் அங்குலம், துவான் என்றால் அறுவது. ஈரலும் குடலும் அங்குலம் அங்குலமாக அறுந்துபோனது என்கிறார்கள், நாலே எழுத்தில்.

இதன் பின்னால் உள்ள கதையைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. 5-ஆம் நூற்றாண்டில் தொகுத்த 'ஷிஷுவோ சின்யூ' என்ற நூலில் இருக்கிறது. ஹுவான் வென் என்ற தளபதி ஷூ நாட்டைப் பிடிக்க யாங்சி ஆற்றின் மலை இடுக்குகள் வழியாகப் படகில் போகிறார், படையாள் ஒருவன் ஒரு குரங்குக்குட்டியைப் பிடித்துக்கொள்கிறான், தாய்க்குரங்கு கரையோரமாகவே கதறிக்கொண்டு நூறு லீக்கு மேல், நம் கணக்கில் சுமார் 40 கிலோமீட்டர், விடாமல் தொடர்ந்து வந்து கடைசியில் படகுக்குள் தாவியது. தாவியதும் உயிர் போய்விட்டது. வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் குடல் துண்டு துண்டாகக் கிடந்ததாம். ஹுவான் வென்னுக்கு வந்த கோபத்தில் அந்த ஆளைப் பதவியிலிருந்தே நீக்கிவிட்டார்.

நெஞ்சு வெடிக்கும் என்று நாமும் சொல்வோம்தான், ஆனால் பெற்றவளின் துக்கம் நம் வீடுகளிலும் வயிற்றில்தான் இருக்கிறது. மாமா பட்டாளத்துக்குப் போன அன்று சென்ட்ரலில் ரயில் நகர்ந்ததும் எங்கள் பாட்டி முந்தானையைச் சுருட்டி அடிவயிற்றில் அழுத்திக்கொண்டு, "என் ஈரக்குலையே அத்துப்போச்சுடா" என்றாள், மயிலாப்பூர் வந்து சேரும்வரை அந்தக் கையை எடுக்கவே இல்லை. உங்கள் மகளை அந்த வார்த்தையையே எழுதச் சொல்லுங்கள், 'ஈரக்குலை அறுந்தது', அவ்வளவுதான்.

அப்புறம், இது சாவுக்கு மட்டும் சொல்வதில்லை, பிரிவுக்கும் ஏக்கத்துக்கும் சொல்வார்கள். சின்ன வருத்தத்துக்குப் போடக் கூடாது. 'துவான் சாங்', குடல் அறுவது, என்று சுருக்கியும் வரும். யுவான் வம்சக் காலத்துக் கவிஞர் மா ஜியுவான் பாட்டு ஒன்றில் பழைய பாதை, மேற்குக் காற்று, ஒரு மெலிந்த குதிரை, பொழுது சாய்கிறது, ஊரை விட்டு வெகுதூரம் வந்துவிட்ட ஒருவன் வானத்தின் ஓரத்தில் நிற்கிறான். அவனுக்கு அவர் வைத்த பெயரே குடல் அறுந்தவன்.