அடியில் இருக்கும் முத்திரை போதுமா?

கேள்வி: என் பெரியப்பா சோவியத் காலத்தில் லெனின்கிராடில் படித்துவிட்டு ஊர் திரும்பும்போது ஒரு டீ செட் வாங்கி வந்தார். வெள்ளைப் பீங்கானில் கருநீலக் கட்டங்கள். கோடுகள் சந்திக்கும் இடத்திலெல்லாம் தங்கப் புள்ளி. அடியில் மூன்று ரஷ்ய எழுத்துகள் சேர்ந்த முத்திரை. அதைப் பார்த்துப் பார்த்துப் பழைய பீங்கான் சேர்க்கும் ஆசை எனக்கு வந்துவிட்டது. இது இன்று என்ன விலை போகும்? “கம்பெனி முத்திரை இருந்தால் போதாதா, வரைந்தவர் பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது?” என்கிறார் என் கணவர். அவர் சொல்வது சரிதானா?
– வாசகி, விருதுநகர்

பதில்: சரியில்லை. உங்கள் கணவர் போதும் என்கிற அந்த முத்திரையே ஒருவர் வரைந்ததுதான். கோப்பையில் கட்டங்களை வரைந்த அதே கை. பெயர் அன்னா யாத்ஸ்கேவிச். லெனின்கிராடின் லோமனோசோவ் பீங்கான் தொழிற்சாலைக்கு 1936இல் அந்த மூன்றெழுத்துச் சின்னத்தை அமைத்துக் கொடுத்தவர் அவர். அதை நம்பிப் பொருள் வாங்குவோம், போட்டவர் பெயர் மட்டும் வேண்டாம் என்பது என்ன நியாயம்?

1904இல் பிறந்தவர் யாத்ஸ்கேவிச். ஜெர்மன் படைகள் 1941 செப்டம்பரில் லெனின்கிராடைச் சுற்றி வளைத்தபோது ஊரைவிட்டுப் போகாமல் அங்கேயே இருந்தார். பட்டினியில் தாயையும் சகோதரியையும் பறிகொடுத்தார். தொழிற்சாலையின் ஓவியர்கள் பீங்கானுக்கு வைத்திருந்த வண்ணங்களை எடுத்துக்கொண்டு போய், நேவா ஆற்றில் நின்ற போர்க்கப்பல்கள் விமானங்களின் கண்ணில் படாதபடி பூசினார்கள். யாத்ஸ்கேவிச்சும் அந்த வேலையில் இருந்தார். 1944 ஜனவரியில் முற்றுகை முழுதாக விலகியது. உங்கள் வீட்டுக் கட்டங்கள் அதையடுத்துப் பிறந்தவை.

குண்டுவீச்சில் கண்ணாடி சிதறாமலிருக்க ஜன்னல்களில் குறுக்கும் நெடுக்குமாகக் காகிதப் பட்டை ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தான் இந்த வலையை வரைந்தார் என்று பலரும் சொல்வார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் இதே தொழிற்சாலை 1750களில் ரஷ்யப் பேரரசி எலிசவெத்தாவுக்காகச் செய்த விருந்துப் பாத்திரங்களைப் பாருங்கள். தங்க வலை, சந்திப்புகளில் சின்னச் சின்னப் பூக்கள். அரண்மனை மேசையிலிருந்த அந்த வலையை எடுத்து, பூவைத் தங்கப் புள்ளியாகச் சுருக்கி, கோட்டைக் கோபால்ட் நீலமாக்கிச் சாதாரண வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தார் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஒரு கோப்பையைக் கையில் எடுத்து நீலக் கோட்டின்மேல் விரலை ஓட்டுங்கள். விரலுக்கு ஒன்றும் தட்டாது. ஒருமுறை சுட்ட, இன்னும் மெருகேறாத பீங்கான்மேல் கோபால்ட்டால் வரைந்து, அதன்மேல் மெருகு கொடுத்து, 1,300 டிகிரிக்கு மேல் மறுபடி சுடுகிறார்கள். நீலம் கண்ணாடி போன்ற மெருகுக்கு அடியில் போய்விடுகிறது. மெருகேறாத பீங்கான் வண்ணத்தைச் சட்டென்று உறிஞ்சிவிடும். கோடு கோணலானால் அழித்துத் திருத்துவது கடினம். தங்கம் அப்படியல்ல. கடைசியில் மெருகுக்கு மேலே வைத்து, குறைந்த சூட்டில் சுடுவது. அதனால்தான் கைப்பிடி ஓரத்திலும் விளிம்பிலும் புள்ளிகள் முதலில் தேயும். தேய்ந்திருந்தால் வருத்தப்படாதீர்கள், பெரியப்பா அதில் டீ குடித்திருக்கிறார்.

உங்கள் கோப்பை டூலிப் பூவின் வடிவத்தில் இருந்தால் இன்னொரு பெயரும் சேர வேண்டும்: செராஃபிமா யாகோவ்லேவா. அந்த வடிவத்தைச் செய்தவர் அவர். வளைந்த உடலில் ஏறும்போதும் வலை இழுபடாமல் நிற்கிறதென்றால் அதில் வடிவத்துக்கும் பங்குண்டு. 1958இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் இந்த டீ செட் தங்கப் பதக்கம் வாங்கியது. யாத்ஸ்கேவிச் அதைப் பார்க்கவில்லை. 1952லேயே இறந்துவிட்டார்.

முத்திரையை மட்டும் நம்புவதில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. 1917 புரட்சிக்குப் பிறகு அரசு கையிலெடுத்தபோது, ஜார் நிக்கோலாய் காலத்தில் சுட்டு வைத்த வெள்ளைத் தட்டுகள் தொழிற்சாலையில் குவிந்து கிடந்தன. செர்கேய் செகோனின் போன்றவர்கள் அவற்றின்மேல் புரட்சி முழக்கங்களை வரைந்தார்கள். அடியிலிருந்த ஜாரின் முத்திரையைப் பல தட்டுகளில் வண்ணம் பூசி மறைத்து, பக்கத்தில் அரிவாள் சுத்தியலைப் போட்டார்கள். ஒரே தட்டில் இரண்டு அரசுகள்! அதை யார் எப்போது வரைந்தார் என்று தெரியாமல் அந்த முத்திரைகளை வைத்துக்கொண்டு என்ன முடிவுக்கு வருவீர்கள்?

அதே தொழிற்சாலையின் சிற்பி நதாலியா தான்கோவையும் தெரிந்துகொள்ளுங்கள். 1922இல் அவர் செய்த சதுரங்கக் காய்களில் புரட்சிக்காரர்கள் சிவப்பு, அவர்களுடைய எதிரிகள் வெள்ளை. வெள்ளை ராஜா ஓர் எலும்புக்கூடு. வெள்ளைச் சிப்பாய்கள் சங்கிலியால் கட்டுண்ட தொழிலாளிகள். சிவப்புச் சிப்பாய்கள் அரிவாளோடு நிற்கும் உழவர்கள். தான்கோ 1942இல், முற்றுகையிலிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு, உரால் பக்கத்து ஊரொன்றில் இறந்தார். ஆனால் ஒன்று, அந்தப் புரட்சிக்காலப் பீங்கான்களை ஆரம்பத்திலேயே இணையத்தில் வாங்கிவிடாதீர்கள். விலை ஏற ஏறப் போலிகளும் பெருகிவிட்டன. போலி செய்பவர் முதலில் போடுவது முத்திரையைத்தான்.

இப்போது விலைக்கு வருவோம். பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள். இந்தக் கோபால்ட் வலை பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து உற்பத்தியாகி, இன்றும் புதிதாக விற்பனையில் இருக்கும் டிசைன். செட் முழுதாக இருக்கிறதா, டீபாட்டின் மூக்கிலோ மூடியிலோ சில்லு போயிருக்கிறதா, தங்கம் எவ்வளவு மிச்சம் என்பதை வைத்துத்தான் விலை. சோவியத் தயாரிப்பு என்று அச்சிட்டிருந்தால் 1991க்குப் பிந்தையது அல்ல என்று கொள்ளலாம். சேர்ப்பதாக இருந்தால் ஒரு தொழிற்சாலையின் எல்லாவற்றையும் துரத்தாமல் ஒரே ஓவியரைப் பிடித்துக்கொள்ளுங்கள். கண் அப்படித்தான் பழகும்.

மைக்ரோவேவில் வைக்காதீர்கள், தங்கம் கருகிவிடும். தேய்க்க நார் வேண்டாம், மெல்லிய துணி போதும். அப்புறம், பெரியப்பா அதை எந்த வருடம், எந்தக் கடையில் வாங்கினார் என்று வீட்டுப் பெரியவர்கள் யாருக்காவது நினைவிருந்தால் இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். அதே தாளில் யாத்ஸ்கேவிச், யாகோவ்லேவா இருவர் பெயரையும் எழுதுங்கள்.