சாக மறுக்கும் செல்

கேள்வி: உடலின் செல்கள் தமக்குரிய நேரத்தில் தாமாகவே இறந்துவிடும் என்று பாடத்தில் படித்தேன். அப்படியென்றால் புற்றுநோய்ச் செல்கள் மட்டும் ஏன் இறப்பதில்லை? அந்தக் கட்டளை அவற்றுக்குப் பிறப்பதே இல்லையா, பிறந்தும் பலிப்பதில்லையா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: இரண்டும் நடக்கின்றன. எந்த நோயாளியிடம் எது நடக்கிறது என்பதைப் பொறுத்து மருந்தும் மாறுவதால், கட்டளை செல்லும் வழியை முதலில் பார்த்துவிடுவோம்.

ஒரு செல்லின் டி.என்.ஏ. சேதமடைந்தால் பி53 என்னும் புரதம் அதில் பெருகுகிறது. சேதத்தைச் சீராக்க முடியுமானால், அதுவரை செல் பிளவுபடாமல் அது தடுத்து நிறுத்தும். முடியாதபோது பூமா, நாக்ஸா போன்ற புரதங்களுக்கான மரபணுக்களை முடுக்கிவிடும். இந்தப் புரதங்கள், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வைக் காத்து நிற்கும் பிசிஎல்-2 குடும்பப் புரதங்களைப் பற்றிக்கொண்டு முடக்க, அதுவரை அடங்கியிருந்த பாக்ஸ், பாக் என்ற இரண்டு புரதங்களும் அச்சவ்வில் துளையிடுகின்றன. துளை வழியே கசியும் சைட்டோகுரோம் சி என்னும் புரதம், காஸ்பேஸ் என்ற நொதிகளை ஒன்றன்பின் ஒன்றாக இயக்க, அவை செல்லை உள்ளிருந்தே வெட்டிப் பிரிக்கின்றன. எஞ்சும் துண்டுகளை அண்டைச் செல்கள் விழுங்கிவிடுவதால் அழற்சிகூடத் தோன்றுவதில்லை. 1972-இல் கெர், வில்லி, கரி ஆகிய மூவர் இதற்கு அப்போப்டோசிஸ் எனப் பெயரிட்டனர்.

மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் பி53 மரபணு பழுதடைந்திருக்கிறது. அங்கே கட்டளை பிறப்பதே இல்லை.

பிறந்தும் பலிக்காத நிலைக்கு ஃபாலிகுலர் லிம்போமா என்னும் நிணநீர் மண்டலப் புற்றுநோய் தெளிவான சான்று. இந்நோயாளிகளில் பெரும்பாலோரிடம், 18-ஆம் குரோமோசோமில் இருக்க வேண்டிய பிசிஎல்-2 மரபணு இடம்பெயர்ந்து, 14-ஆம் குரோமோசோமின் ஆன்டிபாடி மரபணுவுக்கு அருகில் அமர்ந்துவிடுகிறது. ஆன்டிபாடி தயாரிக்கும் வெள்ளணுக்களான பி லிம்போசைட்டுகளில் அந்த இடம் ஓயாமல் இயங்குவதால், பிசிஎல்-2 புரதமும் அளவு மீறி உற்பத்தியாகிறது. இந்தப் புரதம் செல்லைப் பெருகச் செய்யவில்லை, சாகவிடாமல் காக்கிறது என்பதை 1988-இல் மெல்போர்னில் டேவிட் வோ, சூசன் கோரி, ஜெர்ரி ஆடம்ஸ் ஆகியோர் காட்டினார்கள். புற்றுநோய் என்றாலே கட்டுப்பாடின்றிப் பெருகுவதுதான் என்று கருதப்பட்டுவந்த காலம் அது. இத்துறையின் போக்கையே மாற்றிய கண்டுபிடிப்பு இதுவென்பது என் உறுதியான கருத்து.

அதன் பயனாகப் பின்னாளில் உருவானது வெனிடோகிளாக்ஸ் மாத்திரை. பூமா எந்த இடத்தில் பிசிஎல்-2-ஐப் பற்றுகிறதோ, அதே பள்ளத்தில் இம்மருந்தும் போய்ப் பொருந்துகிறது. 2016 ஏப்ரலில் அமெரிக்காவில் முதன்முதலாக இதற்கு அனுமதி கிடைத்தபோது, அது 17-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியை இழந்த நாள்பட்ட லிம்போசைட்டிக் லுக்கீமியா என்னும் ரத்தப் புற்றுநோய் கொண்டவர்களுக்காகவே வழங்கப்பட்டது. பி53 மரபணு இருப்பது அந்தப் பகுதியில்தான். டி.என்.ஏ.வைச் சிதைத்துக் கொல்லும் பழைய மருந்துகள் பி53-ஐ நம்பியிருந்ததால் அவர்களிடம் சரிவரப் பலிக்கவில்லை. வெனிடோகிளாக்ஸ் பி53-ஐத் தாண்டிய படியில் செயல்படுவதால் அந்தக் குறை அதைப் பெரிதாகத் தடுக்கவில்லை. ஒரே சமயத்தில் ஏராளமான செல்கள் மடிந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும் என்பதால், இந்நோய்க்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராமில் தொடங்கி, 5 வாரங்களில் 400 மில்லிகிராமை எட்டும்படி அளவைக் கூட்டுகிறார்கள்.

எல்லாப் புற்றுநோய்களும் இதற்கு மசிவதில்லை. பல கட்டிகள் பிசிஎல்-2-ஐ விட்டு, அதே குடும்பத்தின் எம்சிஎல்-1 புரதத்தைச் சார்ந்து வாழ்கின்றன. அதைத் தடுக்கும் மருந்துகளும் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டன. ஆனால் இதயத் தசைச் செல்கள் உயிர்வாழவும் எம்சிஎல்-1 தேவைப்படுகிறது. இதயப் பாதிப்புக்கான அறிகுறிகள் தென்பட்டதால், அச்சோதனைகளில் சில இடையிலேயே நிறுத்தப்பட்டன.