ஹுயான் டேப்லெட்டும் க்ரிட்டாவும் வைத்துக்கொண்டு தொழில்முறை ஓவியர் ஆக முடியாதா?

தர்மபுரியில் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயாயிரம் ரூபாய்க்குள் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பேனாவால் வரையும் ஹுயான் டேப்லெட் ஒன்றை வாங்கி, க்ரிட்டா என்ற இலவச ஓவிய சாஃப்ட்வேரில் பழகலாம் என்றிருந்தாராம். வாட்ஸ்அப் குரூப்பில் "வாகாம் வாங்கு, இல்ல ஐபேட் வாங்கு, ரெண்டும் இல்லன்னா இந்தப் பக்கமே வராதே" என்கிறார்களாம். வாகாம் என்பதும் இதே மாதிரி டேப்லெட் செய்யும் பிராண்டுதான். அப்பா தவணையில் ஐபேட் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாராம்.

தம்பி, தவணை வேண்டாம். ஹுயானே போதும். இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

எனக்குக் காவேரிப்பட்டணம். கிருஷ்ணகிரியைச் சுற்றி மாங்கூழ் தொழிற்சாலைகள் இருப்பது உங்களுக்கே தெரியும். பழம் இங்கே, ஆலை இங்கே, ஆனால் டின்னில் ஒட்டும் லேபிளை வரையும் வேலை மட்டும் பெங்களூருக்குப் போய்விடும். தெரிந்த அண்ணன் ஒருவர் சொல்லி, அங்கே ஒரு விளம்பர நிறுவனத்துக்கு என் படங்களைப் பிரின்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

அதில் ஒன்று பெங்களூரா மாங்காய்க் கொத்து. எங்கள் பக்கம் கிளிமூக்கு என்றும் சொல்வோம். அது பழுத்தாலும் மூக்கு வளையும் இடத்தில் கொஞ்சம் பச்சை தங்கியிருக்கும். வெயில் பட்ட தோளில் செம்மை படரும், அதன் மேல் பொடிப்பொடியாக வெளிர் புள்ளிகள். தோப்பிலேயே உட்கார்ந்து பார்த்து வரைந்தது. திரையில் பளபளக்கும் பச்சை, அச்சுக்கான சிஎம்ஒய்கே நிறத்துக்கு மாறினால் செத்துப்போகும். அதனால் க்ரிட்டாவில் சாஃப்ட் புரூஃபைப் போட்டுவிட்டு, அச்சில் எப்படி வருமோ அந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டேதான் வரைந்தேன்.

அந்த நிறுவனத்தில் இருந்தவர் நல்ல தமிழர்தான். படத்தைக் கையில் எடுத்து, ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்து, "ரொம்ப நல்லா இருக்கே" என்றார். அடுத்த கேள்வி, "எதுல வரையறீங்க?" சொன்னேன். படத்தை மேசையில் வைத்துவிட்டார். "க்ரிட்டாவா? அது ஃப்ரீ சாஃப்ட்வேர் ஆச்சே. நாங்க ப்ரொஃபஷனல்ஸ்கிட்டதான் வேலை கொடுப்போம். உங்களுக்குன்னா பாதி ரேட் போட்டுத் தரலாம்." படம் அதே படம். ஒரு நிமிடத்துக்கு முன்னால் நன்றாக இருந்த படம்.

அன்றைக்குத்தான் இந்த பிராண்டு பேச்சின் உள்விஷயம் எனக்கு விளங்கியது. குரூப்பில் பேசினால் அது வெறும் பெருமை. கூலி கொடுக்கிறவர் பேசினால் பேரம். உங்கள் கையில் என்ன கருவி இருக்கிறது என்று கேட்டு, அதை வைத்து உங்கள் கையையே குறைத்து மதிப்பிடுவது. அச்சுக்காரருக்கு வேண்டியது 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), சரியான நிறம், பிரித்து வைத்த லேயர்கள், அதாவது படத்தின் தனித்தனி அடுக்குகள். க்ரிட்டா சிஎம்ஒய்கேயில் வேலை செய்யும், ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைலாகவும் சேமிக்கும். எழுத்துகளை மட்டும் நான் அதில் வைப்பதில்லை, தமிழ் எழுத்துக்கு இங்க்ஸ்கேப் என்ற இன்னொரு சாஃப்ட்வேருக்குப் போய்விடுவேன். அதுவும் இலவசம்தான்.

வாகாம் வைத்திருப்பவர்கள் இங்கே சண்டைக்கு வர வேண்டாம். வாகாம் மட்டம் என்று நான் சொல்லவே இல்லை. பேட்டரி இல்லாத பேனாவைப் பல ஆண்டுகள் கிட்டத்தட்ட அவர்கள் மட்டுமே நன்றாகச் செய்துகொண்டிருந்தார்கள். மலிவு டேப்லெட் வாங்கினால் பேனாவுக்குள் பேட்டரி போட வேண்டிய காலம் ஒன்று இருந்தது. அன்றைக்கு அந்தப் பெருமைக்கு நியாயம் உண்டு. இன்றைக்கு ஹுயான், எக்ஸ்பி-பென் எல்லாமே பேட்டரி இல்லாத பேனா தருகிறார்கள். புரோகிரியேட் அருமையான சாஃப்ட்வேர்தான், ஒருமுறை காசு கட்டினால் போதும், ஆனால் ஐபேடை விட்டால் வேறு கம்ப்யூட்டரில் ஓடாது. ஃபோட்டோஷாப்பின் புதிய பதிப்புகளை 2013க்குப் பிறகு சந்தா கட்டித்தான் பயன்படுத்த முடிகிறது. வசதி இருப்பவர்கள் தாராளமாகக் கட்டட்டும். பிரான்ஸில் டேவிட் ரெவுவா என்ற ஓவியர் க்ரிட்டாவிலேயே காமிக்ஸ் வரைந்து, அதிலேயே பிழைப்பும் நடத்துகிறார். அவரைப் பாதி ஓவியர் என்று யாரும் சொல்வதில்லை.

வாங்கும்போது பெட்டியில் 8192 பிரஷர் லெவல் (பேனாவின் அழுத்தத்தை எத்தனை படிகளாகப் பிரித்தறியும் என்ற கணக்கு) என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். வாகாமின் சாதாரண இன்டுவோஸ் டேப்லெட்டில் 4096தான். அந்த வித்தியாசம் கைக்குத் தெரியாது. கைக்குத் தெரிவது, பேனாவை எவ்வளவு லேசாக வைத்தால் கோடு விழ ஆரம்பிக்கிறது என்பது. இன்னொன்று, ஸ்கேலைக் குறுக்காக வைத்து மிக மெதுவாகச் சாய்கோடு ஒன்று போட்டுப் பாருங்கள். கோடு பாம்பு மாதிரி நெளிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அது எந்த பிராண்டாக இருந்தாலும் சரி. டேப்லெட் வருவதற்குள், போனில் ஐபிஸ் பெயின்ட் என்ற வரையும் ஆப்பைப் போட்டு விரலாலேயே லேயர் பழகிக்கொள்ளுங்கள்.

அப்புறம், கேட்காத விஷயம்தான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். மாதிரி என்று கேட்டு வாங்கிக்கொண்டு காசு கொடுக்காமல் விடுகிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். ஊரில் திருவிழா பேனருக்கு நான் வரைந்து அனுப்பிய அம்மன் முகத்தை, "வேண்டாம், வேற பார்த்துக்கறோம்" என்று சொன்னவர்களே நான்கு ரோட்டில் பதினைந்தடி உயரத்துக்குக் கட்டியிருந்தார்கள். போய்க் கேட்டதற்கு, "நெட்ல இருந்து எடுத்ததுப்பா" என்று பதில். அந்த மூக்குத்தி என் பாட்டியின் மூக்குத்தி, நெட்டில் எப்படி இருக்கும்? இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. ஏசி அறையில் உட்கார்ந்து ஏமாற்றுகிறவர்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், தெருமுனையில் நடப்பதை யாரும் கேட்பதில்லை.

அதனால் யார் மாதிரி கேட்டாலும் சின்ன சைஸில், படத்தின் நடுவே குறுக்காக உங்கள் பெயரைப் போட்டு ஜேபெக்காக அனுப்புங்கள். பாதிப் பணம் முன்கூட்டியே வாங்குங்கள். லேயர் உள்ள ஃபைலை மீதிப் பணம் கணக்கில் ஏறிய பிறகு கொடுங்கள். எதில் வரைந்தீர்கள் என்று அப்போதும் கேட்டால், தயங்காமல் க்ரிட்டா என்று சொல்லிவிட்டு முழு ரேட்டைக் கேளுங்கள்.