ஹென்றி கிளேயை ‘மாபெரும் சமரசவாதி’ என்று ஏன் அழைக்கிறார்கள்?

அமெரிக்காவின் வட, தென் மாநிலங்கள் முட்டிக்கொண்டபோதெல்லாம் நடுவில் புகுந்து பேசி முடித்தவர் என்பதால்தான். 1811இல் கீழவைக்குள் நுழைந்த முதல் நாளே சபாநாயகரான கென்டக்கிக்காரர்.

1819 இறுதியில் அடிமை முறை உள்ள மாநிலங்கள் 11, இல்லாதவை 11. மிசௌரி அடிமை மாநிலமாகச் சேர்ந்தால் செனட்டில் தராசு சாயும். கிளே முன்நின்ற 1820 ஏற்பாட்டில், அடிமை முறை இல்லாத மாநிலமாக மெய்ன் மறுதட்டில் வைக்கப்பட்டது. பங்காளிச் சண்டையில் கிணற்றை முறைவைத்து இறைக்கச் சொல்லும் பெரியவர் மாதிரி: அடிதடி நிற்கும், வழக்கு தீராது. இத்தனைக்கும் கிளேயே அடிமைகளை வைத்திருந்தவர்!

அடிமை முறைத் தகராறு மீண்டும் வெடித்தபோது வந்த 1850 சமரசத்தையும் அவரே நிறைவேற்றினார் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் முன்னெடுத்த ஒட்டுமொத்த மசோதா செனட்டில் தோற்றது, அதைப் பிரித்துத் தனித்தனியாக நிறைவேற்றவைத்தவர் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ்.