வார்டுக்குப் போனதும் நோயாளியிடம் முதலில் எதைக் கவனிப்பது?

நர்சிங் முதலாண்டு படிப்பதாகவும், அடுத்த வாரம் வார்டு போஸ்டிங் என்றும், நோயாளியிடம் போனதும் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பொது மருத்துவ வார்டில் பல வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். என் பதில்: மூச்சை எண்ணுங்கள், தங்கச்சி.

பிபிக்கு மிஷின் இருக்கிறது, சாச்சுரேஷனுக்கு, அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்க, விரலில் மாட்டும் கருவி இருக்கிறது. மூச்சுக்குக் கண்ணும் வாட்சும்தான். அதனாலேயே வேலை நெரிசலில் முதலில் விடுபடுவது அதுதான். சில சார்ட்டுகளைப் புரட்டினால் எல்லாப் படுக்கைக்கும் ரெஸ்பிரேஷன் 20, 20 என்று வரிசையாக இருக்கும். ஒரு வார்டு முழுக்க ஒரே கணக்கில் எப்படி மூச்சு விடுவார்கள்? இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

ஏனென்றால், ஒருவர் உடல்நிலை சரியத் தொடங்கினால் பெரும்பாலும் மூச்சில்தான் முதலில் தெரியும். கிருமித்தொற்று ரத்தத்தில் பரவினாலோ, உள்ளே எங்காவது ரத்தம் கசிந்தாலோ, திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாமல் உடம்பில் அமிலம் சேரும். அதை ஈடுகட்ட நுரையீரல் வேகமெடுக்கும். ரத்தக்குழாய்கள் சுருங்கி பிபியைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் பிபி 110/70 என்று நன்றாகவே இருக்கும். அது இறங்கும்போது நிலைமை கைமீறத் தொடங்கியிருக்கும். சர்க்கரை நோயாளிக்குக் கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் ஏறினாலும் அப்படித்தான்: சாச்சுரேஷன் 98 காட்டும், ஆனால் ஆழமாக, வேகமாக மூச்சு விடுவார். ஆக்சிஜன் மாஸ்க் போட்டவரின் 97ஐ மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள்.

எண்ணப்போகிறேன் என்று அவரிடம் சொல்ல வேண்டாம், சொன்னால் மூச்சு மாறிவிடும். பல்ஸ் பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல், நெஞ்சையோ வயிற்றையோ பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால், ஒன்று பிசகினாலே கணக்கில் நாலு பிசகும்.

ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிஸிஷியன்ஸ் 2012இல் கொண்டுவந்த, நோயாளி மோசமாவதை முன்கூட்டியே கண்டறியும் 'நியூஸ்' (NEWS) மதிப்பெண் முறையில், மூச்சு 25ஐத் தொட்டாலோ 8க்கு இறங்கினாலோ அந்த ஒன்றுக்கே 3 மதிப்பெண். உடனே டாக்டர் பார்க்க வேண்டிய நிலை அது. குழந்தைகளுக்குக் கணக்கு வேறு: 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, அதிலிருந்து 5 வயதுக்குள் 40. அதைத் தொட்டாலே வேகமான மூச்சு.

அந்த ஒரு நிமிடம் அவர் பக்கத்தில் நிற்கிறீர்கள் அல்லவா, மற்றதும் கண்ணில் படும். ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா, இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்துகிறாரா? கழுத்துத் தசை இழுக்கிறதா? உதடு நீலமாக இருக்கிறதா? தொட்டால் சில்லென்று வியர்த்திருக்கிறதா? யூரின் பையையும் பாருங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது இறங்க வேண்டும். நேற்றுத் தெளிவாகப் பேசியவர் இன்று சம்பந்தமில்லாமல் பேசினால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். 2017இல் நியூஸ் முறையைத் திருத்தியபோது, புதிதாக வந்த குழப்பத்துக்கும் 3 மதிப்பெண் வைத்தார்கள். கூட இருக்கும் மகள் "அம்மா நேத்து மாதிரி இல்ல சிஸ்டர்" என்றால் அதுவும் ஒரு அறிகுறிதான். ராத்திரி முழுக்கப் பக்கத்தில் இருந்தவர் அவர்.

மூச்சு வேகமாக இருந்தால் படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தி, சாய்ந்து உட்காரவையுங்கள். ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் மாணவி; தனியாக முடிவெடுக்காமல் டியூட்டி சிஸ்டரை உடனே கூப்பிடுங்கள். "மூச்சு வாங்குது" என்று மட்டும் சொன்னால் போதாது. "12ஆம் பெட், காலையில 18 இருந்துச்சு, இப்போ 28, பேச முடியல, பிபி 110/70" என்று சொல்லுங்கள். டாக்டர் வரும்வரை 15 நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி எண்ணி, நேரம் போட்டு எழுதிவையுங்கள்.