முகமூடிக்குள் மூச்சு முட்டுகிறது என்றால்

வணக்கம் சகோதரி. மூளைக் கட்டிக்குக் கதிர்வீச்சு எடுக்கும் உங்கள் கணவர் தியானம் செய்யக் கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் பதற்றம் கூடுகிறது, ஐந்து நிமிடம்கூட மனம் நிற்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது அவர் குறை இல்லை. கட்டியும் சிகிச்சையும் கவனத்தையே குறைக்கும். மூளை வீக்கத்துக்குத் தரும் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை தூக்கத்தைக் கெடுத்துப் படபடப்பையும் தரும். மாத்திரை நேரத்தைக் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தியானத்தைவிட அதுவே பெரிய உதவியாக இருக்கலாம்.

மூச்சைக் கவனிப்பதை விட்டுவிடுங்கள். கண் திறந்தே இருக்கட்டும். பாதம் தரையில் படும் இடம், விரல் நுனியில் துணியின் சொரசொரப்பு, இவற்றில் கவனம் வைத்தால் போதும். இரண்டு நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை. மனம் ஓடினால் ஓடட்டும், திரும்பி வருவதுதான் பயிற்சியே.

கதிர்வீச்சு மேசையில் தலை அசையாமல் இருக்க மாட்டும் அந்த வலை முகமூடி முகத்தை அழுத்தும்போது கால் விரல்களை மனதால் ஒவ்வொன்றாகத் தொட்டு வரச் சொல்லுங்கள். வெளியே இருப்பவர்கள் கேமராவில் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். கையை உயர்த்தினால் நிறுத்துவார்களா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். கண் பகுதி திறந்த முகமூடி உண்டா என்றும் விசாரியுங்கள்.

வேகமாக மூச்சு இழுத்துவிடும் பயிற்சிகள் மட்டும் வேண்டவே வேண்டாம், வலிப்பைத் தூண்டிவிடக்கூடும். தியானம் கட்டியைக் கரைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்புறம், நீங்களும் அவருடன் சேர்ந்து உட்காருங்கள். உங்களுக்கும் அந்த இரண்டு நிமிடம் தேவை.