அந்த ஜோடியைப் பார்த்துக் கோபப்படலாமா?

கேள்வி: '90 டே ஃபியான்சே' என்ற அமெரிக்க ரியாலிட்டி நிகழ்ச்சியை நானும் அக்காவும் சேர்ந்து பார்ப்போம். அப்பா வயது ஆள் ஒருவர் வெளிநாட்டுச் சின்னப் பெண்ணைக் கட்டிக்கொள்ளத் துடிப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அவங்க வாழ்க்கை, அவங்க இஷ்டம், உனக்கென்ன?" என்கிறாள் அக்கா. யார் சொல்வது சரி?

பதில்: கோபம் வருவது சரிதான், ஆனால் வயதையே பார்த்துக்கொண்டிருந்தால் முக்கியமானதைக் கோட்டைவிட்டுவிடுவீர்கள். 2014-இல் தொடங்கிய அந்த நிகழ்ச்சிக்கு ஆதாரமே அமெரிக்காவின் கே-1 விசா, அதாவது கல்யாணம் செய்யப்போகும் வெளிநாட்டவரை வரவழைக்கும் விசா. அதில் வந்து இறங்குகிறவர், தனக்காக மனுப் போட்ட அதே நபரை 90 நாளுக்குள் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். வந்த கையோடு வேலைக்கும் போய்விட முடியாது, அதற்குத் தனி அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டும். ஆக, தங்கும் வீடு, கைச்செலவு, அந்த நாட்டில் இருக்கும் உரிமை எல்லாமே ஒரே ஆளின் கையில். இருவருக்கும் ஒரே வயது என்றாலும் தராசு ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

அடுத்த முறை சண்டைக் காட்சி வந்தால் கவனியுங்கள். "டிக்கெட் போட்டு ஊருக்கே அனுப்பிடுவேன்" என்று மிரட்டுகிறாரா, செலவுக்குக் கேட்டால் எதற்கென்று குடைகிறாரா, அந்தப் பெண் அம்மாவோடு போனில் பேசும்போது பக்கத்திலேயே வந்து நிற்கிறாரா? "வேண்டாம்" என்று அவளால் சொல்ல முடிகிறதா, சொன்னால் என்ன நடக்கிறது? இதைப் பார்த்துக் கோபம் வந்தால், அக்கா என்ன சொன்னாலும் நான் உங்கள் பக்கம். போக வழியே இல்லாதவள் தலையாட்டுவதை இஷ்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் துணையைத் தொடர்ந்து இப்படி அடக்கி வைப்பது 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், 5 ஆண்டு வரை சிறை உண்டு. மற்றபடி வயது வித்தியாசம் மட்டும்தான் என்றால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. ஒரு நாள் பேசியதையும் வேறொரு நாள் முறைத்ததையும் ஒட்டி ஒரே காட்சியாக்குவது எடிட்டிங்கில் சர்வசாதாரணம். நடந்த செயலைத் தப்பு என்று சொல்லுங்கள், அந்த ஆளையே முழுசாக அளந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

கேள்வி: மனைவி சம்பாதிக்க, கணவன் வீட்டையும் குழந்தையையும் பார்த்துக்கொள்ளும் ஜோடியைக் காட்டினால் எங்கள் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

பதில்: சம்பாதிப்பது கணவன், வீட்டைப் பார்ப்பது மனைவி என்றால் சிரிப்பார்களா என்று கேளுங்கள். அவர்களுக்குள் பேசி ஒத்துக்கொண்ட ஏற்பாடு, அவ்வளவுதான்.

கேள்வி: பிடிக்காத போட்டியாளரை அவருடைய சமூக ஊடகப் பக்கத்திலேயே போய்த் திட்டினால் என்ன? எல்லாம் தெரிந்துதானே வருகிறார்கள்?

பதில்: ஜப்பானின் 'டெரஸ் ஹவுஸ்' என்ற ரியாலிட்டி நிகழ்ச்சியில் ஹனா கிமுரா என்ற மல்யுத்த வீராங்கனை இருந்தார். கூடத் தங்கியிருந்த ஒருவர் சலவையில் ஹனாவின் போட்டி உடையைச் சுருங்க வைத்துவிட்டார். அந்த ஆத்திரத்தில் ஹனா அவருடைய தொப்பியைத் தட்டிவிட்டார். அந்த ஒரு காட்சிக்கு வசவுகள் வந்து குவிந்தன. 2020 மே மாதம் ஹனா தன் உயிரை மாய்த்துக்கொண்டார், வயது 22. அதன் பிறகுதான், 2022-இல், அவமதிப்புக் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை என்று ஜப்பான் சட்டத்தைக் கடுமையாக்கியது. டிவியில் வரச் சம்மதித்தார், சரி. முகம் தெரியாத ஆயிரம் பேரிடம் தினமும் வசை வாங்கவா சம்மதித்தார்? காட்சி பிடிக்கவில்லையா, சேனலுக்கு எழுதுங்கள், அதை எடுத்து ஒளிபரப்பியவர்களைக் கேளுங்கள்.